சீனிக் குளிசையும் ஈரலும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எமது விம்பிள்டன் கோயிலில் மாலைப் பூசை முடிந்து அடியார்கள் பிரசாதத்துக்காக நின்றவேளை, எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, இந்தச் சீனிக் குளிசை ஈரலை எரிச்சுப்போடுமாமே, உண்மையோ?"

"எந்தக் குளிசை அம்மா?" என்று கேட்டேன்.

"நான் எடுக்கிற மெற்ஃபோமின்தான். மூண்டு கிழமையா நான் அதைத் தொடேல்லை."

கையிலிருந்த தொலைபேசியை நீட்டினார். யாரோ யாருக்கோ அனுப்பி, பத்துக் கை மாறி வந்த செய்தி ஒன்று அதில் இருந்தது. அமெரிக்காவில் நீரிழிவு மருந்து ஒன்றை உட்கொண்ட பலர் ஈரல் பழுதாகி இறந்தார்கள் என்றும், ஆகவே நீரிழிவுக் குளிசைகள் யாவும் நஞ்சு என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அன்று காலை அவருடைய இரத்தச் சீனி 14ஐத் தாண்டியிருந்ததாம். குளிசை எடுத்த காலத்தில் அது 8ஐ விட்டு அதிகம் ஏறியதில்லை.

அச்செய்தியில் சொல்லப்பட்ட மரணங்கள் உண்மையானவை. ஆனால் அந்த மருந்து வேறு. அது இன்று உலகில் எந்த நோயாளிக்கும் கொடுக்கப்படுவதில்லை. எமது அங்கத்தவர்களிடையே நீரிழிவு இல்லாத வீடு அரிது என்பதாலும், இதே செய்தி வேறு பலரிடமும் வந்திருக்கக்கூடும் என்பதாலும் அம்மருந்தின் கதையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அந்த அம்மாவைப் பற்றி எழுத அவரிடம் அனுமதி பெற்றுள்ளேன். பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

மருந்தின் பெயர் ட்ரொக்ளிட்டசோன். ஜப்பானில் சாங்கியோ என்னும் நிறுவனம் அதனைக் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் வார்னர் லம்பேர்ட் நிறுவனம் 'ரெசுலின்' என்ற பெயரிலும், பிரித்தானியாவில் கிளாக்சோ வெல்கம் நிறுவனம் 'ரொமோசின்' என்ற பெயரிலும் அதை விற்றன. அக்காலத்தில் அது பெரிய எதிர்பார்ப்புடன் வந்த மருந்து என்பதை மறுக்க இயலாது. பழைய குளிசைகளிற் பல, கணையத்தை விரட்டி மேலும் இன்சுலின் சுரக்கச் செய்பவை. இதுவோ, இருக்கிற இன்சுலினுக்கே உடல் செவிசாய்க்கும்படி செய்வது. எம்மவருக்கு வரும் நீரிழிவில் பெரும்பாலும் இன்சுலின் இல்லாமை அல்ல குறை. இருந்தும் அது வேலை செய்யாமைதான் குறை. இலண்டன் சவுத்தோல் பகுதியில் நடத்தப்பட்டு 1985இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்று, அங்கு வாழ்ந்த ஆசிய மக்களிடையே நீரிழிவு ஐரோப்பியரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு எனக் காட்டியது. ஆகவே இப்படியொரு மருந்தை எம்மைப் போன்றோர் ஆவலுடன் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

அமெரிக்க அரசு 1997 ஜனவரியில் அதற்கு அனுமதி வழங்கியது. பிரித்தானியாவில் அதே ஆண்டு ஒக்ரோபரில் அது மருந்துக் கடைகளுக்கு வந்தது. ஒக்ரோபர் முடிவதற்குள்ளேயே, அதை உட்கொண்ட சிலருக்கு ஈரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாக அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்து செய்திகள் வரத் தொடங்கின. நவம்பர் இறுதிக்குள் உலகெங்கும் இருந்து 130க்கு மேற்பட்ட ஈரல் பாதிப்பு அறிக்கைகள் சேர்ந்துவிட்டன. அவற்றுள் ஆறு மரணங்கள். 1997 டிசம்பர் 1ஆம் திகதி கிளாக்சோ வெல்கம் நிறுவனம் பிரித்தானியாவில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த நாட்டில் அந்த மருந்தின் ஆயுள் இரண்டே மாதங்கள்.

அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் நடந்தது வேறு. அங்கே மருந்தை நிறுத்தாமல், எச்சரிக்கைக் குறிப்பை மாத்திரம் மாற்றினார்கள். 1997 நவம்பரில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை, 1998 ஜூலையில் ஒருமுறை, 1999 ஜூனில் ஒருமுறை என நான்கு தடவை மாற்றினார்கள். மாதந்தோறும் ஈரல் பரிசோதனை செய்யும்படி வைத்தியர்களுக்குக் கடிதங்கள் போயின. கடைசியில் 2000ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் திகதிதான் விற்பனை நின்றது. பிரித்தானியா நிறுத்தி இரண்டு வருடமும் ஏறத்தாழ நான்கு மாதமும் கடந்திருந்தன. அதற்குள் ஈரல் முற்றாகச் செயலிழந்த நோயாளர்களாக அறிவிக்கப்பட்டவர்கள் 90க்கு மேல், இறந்தவர்கள் 60க்கு மேல். அனுமதி வழங்குமுன் அந்த மருந்தை ஆராய்ந்த அரசாங்க வைத்தியர் ஜோன் கெரிகியன் அதை அனுமதிக்க வேண்டாம் எனப் பரிந்துரைத்திருந்தார் என்றும், பின்னர் அப்பொறுப்பிலிருந்து அவர் அகற்றப்பட்டார் என்றும் 'லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ்' பத்திரிகையில் டேவிட் வில்மன் எழுதினார். இந்த மருந்தையும் இதைப் போன்ற வேறு சிலவற்றையும் பற்றிய கட்டுரைகளுக்காக அவருக்கு 2001இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இவ்வளவு ஆபத்தான மருந்து பரிசோதனைகளில் ஏன் பிடிபடவில்லை என்று அன்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு நிழல் தென்பட்டது என்பதே உண்மை. அமெரிக்கப் பரிசோதனைகளில் இம்மருந்தை உட்கொண்ட 2,510 பேரில் நூற்றுக்கு 1.9 பேருக்கு ஈரல் நொதியம் ஒன்று இயல்பு அளவின் மூன்று மடங்கைத் தாண்டியது. வெறும் குளிசை எடுத்தவர்களில் அது நூற்றுக்கு 0.6தான். இரண்டு பேருக்குச் செங்கண்மாரி கண்டது. மருந்தை நிறுத்தியதும் எல்லோருக்கும் சரியாகிவிட்டது, எவரும் இறக்கவில்லை. ஆகவே சமாளிக்கக்கூடிய விடயம் என்று எண்ணினார்கள். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரக்கூடிய தீங்கை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நிச்சயத்துடன் ஒரு தடவையாவது காண வேண்டுமானால், ஏறத்தாழ முப்பதாயிரம் பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எந்தப் புதிய நீரிழிவுக் குளிசையும் அத்தனை பேரிடம் பரிசோதிக்கப்பட்டுக் கடைக்கு வருவது அபூர்வம். அப்படியானால் மிகுதிப் பரிசோதனை யார்மேல் நடக்கிறது? மருந்துச் சீட்டைக் கொண்டு கடைக்குப் போகும் உங்கள்மேலும் என்மேலும்தான். இதைச் சொல்ல வைத்தியர்களாகிய நாம் கொஞ்சம் கூச்சப்படுகிறோம். சொல்லிவிடுவதே நல்லது.

இனி, ஈரலில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். கோயிலுக்கு மடைப்பள்ளி எப்படியோ, உடலுக்கு ஈரல் அப்படி. நாம் விழுங்கும் உணவும் மருந்தும் குடலிலிருந்து நேரே அங்கேதான் முதலிற் போகின்றன. அங்கே அவை உடைக்கப்பட்டு, மாற்றப்பட்டு, பின்னரே மற்ற இடங்களுக்குப் பகிரப்படுகின்றன. ட்ரொக்ளிட்டசோனின் மூலக்கூறில் விற்றமின் 'ஈ'யை ஒத்த வளையம் ஒன்று உண்டு. இதனால் உடலுக்குக் கூடுதல் நன்மை வரும் என்றுகூட முதலில் நம்பினார்கள். ஆனால் ஈரல் அந்த மருந்தை உடைக்கும்போது, பக்கத்தில் உள்ள எதனோடும் ஒட்டிக்கொள்ளும் துடிப்பான பொருட்கள் உருவாகின. பெரும்பாலோரின் ஈரல் அவற்றை உடனே அடக்கி வெளியேற்றிவிட்டது. சிலரின் ஈரலால் அது முடியவில்லை. பித்தம் வெளியேறும் பாதையையும் இந்த மருந்து தடுத்தது. அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே சொல்ல வழி இருக்கவில்லை. ஈரலின் சில காப்பு நொதியங்கள் பிறப்பிலேயே இல்லாதவர்களுக்கு ஆபத்துக் கூடுதல் என ஜப்பானிய ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். அதுவும் முழு விடையல்ல. அளவு கூடியதனால் வந்த நஞ்சு அன்று இது. சரியான அளவைச் சரியாக எடுத்தவர்களில் ஒருசிலருக்கு மட்டும் வந்தது. இதனால்தான் இதை எதிர்பாராத பாதிப்பு என்கிறோம்.

மாதாந்த இரத்தப் பரிசோதனையை நம்பியது இன்னொரு தவறு. சொல்லப்பட்டபடி மாதாமாதம் பரிசோதனை செய்தவர்கள் குறைவு. அது போக, செய்தவர்களிலும் சிலருக்கு ஒரு மாதம் இயல்பாக இருந்த ஈரல் அடுத்த பரிசோதனைக்கு முன்னரே மீளமுடியாத நிலைக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் நீரிழிவு வராமல் தடுப்பதற்காக அரசு நடத்திய பெரிய ஆய்வில் இம்மருந்தும் ஒரு பிரிவினருக்குக் கொடுக்கப்பட்டது. ஒழுங்கான கண்காணிப்பில் இருந்த அவர்களில் ஒருவர் ஈரல் செயலிழந்து, மாற்று ஈரல் பொருத்தியும் 1998 மே மாதம் இறந்தார். அடுத்த மாதமே அந்தப் பிரிவு நிறுத்தப்பட்டது. நீரிழிவு வந்துவிடுமோ என்ற ஐயத்தின் பேரில் மருந்து எடுத்த ஒருவரின் மரணம் அது. அவருக்கு நீரிழிவு இருக்கவில்லை.

அந்த ஆய்வின் மிகுதிப் பகுதி 2002இல் வெளிவந்தபோது, உணவுக் கட்டுப்பாடும் நடையும் நீரிழிவு வருவதை நூற்றுக்கு 58 பங்கு குறைத்ததாகவும், மெற்ஃபோமின் 31 பங்கு குறைத்ததாகவும் கண்டார்கள். அது வெள்ளைக்காரருக்குத்தானே, எங்களுக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்காக, சென்னையில் டொக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வும் இருக்கிறது. நடையும் உணவும் 28.5 பங்கு, சிறிய அளவு மெற்ஃபோமின் 26.4 பங்கு, இரண்டையும் சேர்த்தாலும் 28.2 பங்குதான். 2009இல் அதே குழுவினர், ட்ரொக்ளிட்டசோனின் உறவு மருந்தான பயோகிளிட்டசோனை நடை, உணவுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மேலதிக நன்மை எதுவும் கிடைக்கவில்லை.

உறவு மருந்து என்றதும் பயோகிளிட்டசோன் எடுப்பவர்கள் அஞ்சக்கூடும். அதில் அந்த வளையம் இல்லை. எடுக்கும் அளவும் மிகக் குறைவு: ட்ரொக்ளிட்டசோன் நாளொன்றுக்கு 200 முதல் 600 மில்லிகிராம், பயோகிளிட்டசோன் 15 முதல் 45. ஈரலைப் பொறுத்தவரை அது நன்றாகவே நடந்துகொண்டிருக்கிறது. ஈரலில் கொழுப்புப் படிந்து அழற்சி உண்டானவர்களில் சிலருக்கு அது நன்மை செய்வதாகக்கூட ஆய்வுகள் உண்டு. அதற்கு வேறு குறைகள் இருக்கின்றன: கால் வீக்கம், இருதயப் பலவீனம், எலும்பு முறிவு, சலப்பையில் புற்றுநோய் பற்றிய ஐயம். இந்தியாவில் 2013 ஜூனில் அதன் விற்பனை இடைநிறுத்தப்பட்டு, அடுத்த மாதமே எச்சரிக்கையுடன் திரும்ப அனுமதிக்கப்பட்டது. இன்னொரு உறவான ரொசிகிளிட்டசோன் இருதய ஆபத்துக் காரணமாக 2010இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. இவற்றைப் பற்றி உங்கள் குடும்ப வைத்தியருடன் பேசலாம். நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம்.

அந்த அம்மா நிறுத்திய மெற்ஃபோமினோ இந்தக் குடும்பத்தையே சேர்ந்ததல்ல. பிரித்தானியாவில் அது 1950களின் இறுதியிலிருந்து பாவனையில் உள்ளது. ஈரல் அதனை உடைப்பதில்லை. சிறுநீரகம் அதை இருந்தபடியே வெளியேற்றிவிடுகிறது. ஆகையால்தான் உங்கள் வைத்தியர் வருடந்தோறும் சிறுநீரகப் பரிசோதனை கேட்கிறார். மெற்ஃபோமின் ஈரலைத் தாக்குவது மிக மிக அரிது. வயிற்றைக் குழப்பும், நெடுங்காலம் எடுத்தால் விற்றமின் பி-12 குறையலாம். கடும் வாந்தி, வயிற்றோட்டம் வந்து உடல் வரண்டால், அந்த ஓரிரு நாட்களுக்கு அதை நிறுத்தி வைக்கும்படி வைத்தியர் சொல்வார். வேறு குறை சொல்ல என்னிடம் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோடிக்கணக்கானோர் விழுங்கிய குளிசையை அஞ்சித் தள்ளிவைத்து, கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் சீனிக்குப் பறிகொடுப்பது என்ன கணக்கு?

ஈரல் பாதிப்பின் அறிகுறிகளை அறிந்து வைத்திருப்பது எல்லோருக்கும் நன்று, எந்த மருந்து எடுத்தாலும். காரணமில்லாமல் உணவில் வெறுப்பு, ஓங்காளம், எழும்ப மனமில்லாத களைப்பு, வலப்பக்க விலாவுக்குக் கீழே நோ, உடம்பெங்கும் கடி, வெறுந்தேநீர் நிறத்தில் சிறுநீர், வெளிறிய மலம், கண்ணில் மஞ்சள். எம்மவரின் தோல் நிறத்தில் மஞ்சள் எளிதில் தெரியாது. கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும். அதுவும் பகல் வெளிச்சத்தில், யன்னலருகே. மாரிகாலத்தில் நான்கு மணிக்கே இருண்டுவிடும் இந்த ஊரில், மின்குமிழின் மஞ்சள் ஒளியில் பார்த்து "ஒண்டுமில்லை" என்று விடுபவர்கள் பலர். இந்த அறிகுறிகள் புதிய மருந்து தொடங்கிய சில மாதங்களுக்குள் வந்தால் அடுத்த மாதச் சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே வைத்தியரை அழையுங்கள். கண் மஞ்சளோடு தடுமாற்றமும் தூக்க மயக்கமும் இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பிரித்தானியாவில் அந்த மருந்து இரண்டே மாதத்தில் நின்றதற்குக் காரணம், எங்கெங்கோ இருந்த வைத்தியர்கள் தாங்கள் கண்டதை எழுதி அனுப்பியதுதான். இந்த நாட்டில் அதற்கென ஒரு முறை உண்டு. தலிடோமைட் மருந்தினால் குழந்தைகள் அங்கக் குறைவுடன் பிறந்த கொடுமைக்குப் பின், 1964இல் 'மஞ்சள் அட்டை' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் வைத்தியர்களும் பல் வைத்தியர்களும் மட்டுமே எழுதலாம். 2005ஆம் ஆண்டு முதல் நோயாளிகளும் தாமே எழுதலாம். பெற்றோருக்காகப் பிள்ளைகளும் எழுதலாம். மருந்துக் கடையில் கேட்டால் வழி சொல்வார்கள், கணினியிலும் செய்யலாம். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, ஐயம் போதும். மருந்துப் பெட்டியில் உள்ள தாளில் தலைகீழான கறுப்பு முக்கோணம் இருந்தால், அம்மருந்து இன்னும் கூடுதலாகக் கண்காணிக்கப்படுகிறது என்று பொருள். எமது சமூகத்தவர் இதில் எழுதுவது குறைவென்றே என் அனுபவத்தில் தோன்றுகிறது. "டொக்டருக்கு ஏன் கரைச்சல் குடுப்பான்" என்று குளிசையை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்போம். அடுத்த முறை வைத்தியர் கேட்டால் "எடுக்கிறன்" என்றும் சொல்வோம். பின்னர் எதனால் எது வந்தது என்று எவராலும் கண்டுபிடிக்க இயலாது.

அந்த அம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். வீட்டில் உட்கொள்வது எல்லாவற்றையும், குளிசையானாலும் வேறெதுவானாலும், ஒரு பையில் போட்டுக் கொண்டுவரும்படி சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுவந்தார். மெற்ஃபோமின், இரத்த அழுத்தக் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை, மூட்டு நோவுக்குப் பரசிட்டமோல். இவற்றின் அடியில், பேரில்லாத ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் பச்சையும் மண்ணிறமும் கலந்த பொடி.

"இது என்ன அம்மா?"

"சீந்தில் பொடி. ஊரிலை இருந்து தங்கச்சி அனுப்பினவ. சீனிக்கு நல்லதாம்."

"இதைப்பற்றி உங்கட டொக்டருக்குச் சொன்னனீங்களோ?"

"அது மருந்தில்லையே தம்பி, மூலிகைதானே."

ஒன்பது மாதமாக, காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி. குளிசையை நிறுத்திய மூன்று கிழமையில் அதை இரண்டு கரண்டியாகக் கூட்டியிருக்கிறார்.

சீந்திலை நான் பழிக்க வரவில்லை. எமது சித்த வைத்தியத்தில் பெரும் மதிப்புப் பெற்ற கொடி அது. ஆயினும் 2021இல் மும்பை வைத்தியர்கள், சீந்தில் உட்கொண்டபின் ஈரல் பாதிக்கப்பட்ட ஆறு நோயாளர்களைப் பற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டு இந்தியாவின் 13 மருத்துவ நிலையங்களிலிருந்து 43 பேரைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சு இதை ஏற்கவில்லை. அதே தோற்றமுடைய வேறொரு கொடியோடு குழப்பியிருக்கலாம் என்றது. இருக்கலாம். பொடியாக்கி, பேரில்லாத போத்தலில் அடைத்து வந்தபின், எந்தக் கொடி என்று அந்த அம்மாவோ நானோ எப்படி அறிவது? ஈரலுக்கு அஞ்சி, ஈரலைத் தொடாத குளிசையை நிறுத்திவிட்டு, ஈரல் பாதிப்பு அறிவிக்கப்பட்ட பொருளை இரட்டிப்பாக்கியிருந்தார்.

அவரை அவருடைய குடும்ப வைத்தியரிடம் அனுப்பினேன். பொடியை நிறுத்தி, மெற்ஃபோமினைத் திரும்பத் தொடங்கியுள்ளார். இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதியம் இயல்பைவிட இரண்டு மடங்கு கூடியிருந்தது. அது பொடியினாலா, நீரிழிவுக்காரர் பலருக்கும் இருக்கும் கொழுப்பினாலா என்பது இன்னும் தெரியவில்லை. ஆறு கிழமையில் மறுபடி பார்ப்பார்கள். மஞ்சள் அட்டையை அவருடைய பேத்தி நிரப்பி அனுப்பியிருக்கிறார். பொடியின் பெயர் கேட்ட இடத்தில் "சீந்தில் என்று சொல்லப்பட்டது" என எழுதினாராம்.